அரக்கும் தகரமும்: கார் வடிவமைப்புக்கு மாத்தளை தரக்கூடியது

நவீன ஓவியமும் மோட்டார் காரும் ஒன்றையொன்று தேடிப்போய் ஒரு நூற்றாண்டாகிறது. 1925இல் ஓவியர் சோனியா டெலோனே தன் துணி வடிவங்களை ஒரு சிட்ரோயன் காரின் மேல் தீட்டினார். 1938இல் ஜெனரல் மோட்டர்ஸின் ஹார்லி ஏர்ல், விற்பனைக்கல்லாமல் பார்வைக்கும் பரீட்சைக்குமென்றே பியூக் வை-ஜொப்பைச் செய்வித்தார். கருத்துருக் கார் என்ற வகையை அதிலிருந்தே எண்ணுகிறார்கள். 1951இல் நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைச் சிற்பங்களாகக் காட்சிக்கு வைத்தது. 1975இல் கலைஞர் அலெக்சாண்டர் கால்டர் வண்ணம் தீட்டிய பிஎம்டபிள்யூ, லெ மான் பந்தயத்தில் ஓடியது. இதையெல்லாம் ஒரே வரிசையில் வைத்துப் பெருமைப்படுவது வழக்கம். ஆனால் இதற்குள் இரண்டு வேறு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. டெலோனேயும் கால்டரும் ஏற்கெனவே முடிந்துவிட்ட உடலுக்கு நிறம் கொடுத்தார்கள். 1955 பரிஸ் கண்காட்சியில் முதல் நாளே சுமார் 12,000 பேர் பதிவு செய்த சிட்ரோயன் டிஎஸ்ஸுக்கோ, ஃபிளாமினியோ பெர்டோனி என்ற சிற்பிதான் உடலையே வனைந்தார். கால்டரின் வண்ணத்தைச் சுரண்டி எடுத்தாலும் கார் மிஞ்சும். பெர்டோனியின் கலையைக் கழித்தால் டிஎஸ் இல்லை.

இலங்கையில் ஒரு கருத்துருக் காரை வரைய முனைபவர் இவ்விரண்டில் எதைப் பின்பற்றுவது? மாத்தளை மாவட்டம் இதற்குத் தெளிவான விடை வைத்திருக்கிறது என்பது என் வாதம். அங்கே சிகிரியா இருக்கிறது, ஆபத்தும் அதுதான். அந்தப் பாறையில் தீட்டிய ஐந்தாம் நூற்றாண்டு ஓவியப் பெண்கள் பத்திக் துணியிலும் சுவர்த் தட்டுகளிலும் ஏறி ஏறிக் களைத்துப்போனார்கள். கார்க் கதவிலும் அவர்களை ஏற்றினால் அது சுற்றுலாத் துறை விளம்பரமாகுமே தவிர வடிவமைப்பு ஆகாது. சிகிரியாவை வேறு விதமாகக் கையாளலாம் என்பதற்கு அதே மாவட்டத்திலேயே சாட்சி உண்டு. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா தீவிரமான கார்ப் பிரியர். அவருடைய 1934ஆம் ஆண்டு ரோல்ஸ் ராய்ஸ் கொழும்பு வீட்டின் வாசலோடு சேர்ந்த கொட்டகையில் இன்றும் நிற்கிறது. சிகிரியாவின் அடியில் ஹோட்டல் கட்டக் கேட்டபோது அவர் அந்த இடத்தை விட்டுத் தள்ளி, தம்புள்ளைக்கு அருகே கண்டலம குளத்தின் கரைக்குப் போனார். 1990களின் நடுவில் திறந்த அந்தக் கட்டடம் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குப் பாறையைத் தழுவி வளைகிறது. கொடிகள் முகப்பை மூட, பாறை நடைகூடத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. சிகிரியா தண்ணீருக்கு அப்பால் தொலைவில் தெரிகிறது. சிகிரியா வாசலின் ஒரு சிங்கப் பாதம்கூட நகலெடுக்கப்படவில்லை. படிக்கட்டின் மேல் விரியும், சிற்பி லக்கி சேனநாயக்கவின் ஆந்தைச் சிற்பம்கூட அங்கே தொங்கவிட்ட அலங்காரமல்ல. ஏறுபவரின் நடையை நடத்துவதே அதுதான்.

கட்டடம் நிற்பது, கார் ஓடுவது. ஓடும் பொருளின் வடிவத்தைக் காற்று தீர்மானிக்கும், கலைஞர் அல்ல என்பார்கள். காற்றுச் சுரங்கச் சோதனைகளுக்குப் பிறகு கார்களெல்லாம் ஒரே முகமாகிவிட்டன என்பது உண்மை. ஆனால் டிஎஸ் காற்றைக் கிழிப்பதில் தன் காலத்துக்கு மிகச் சிறந்திருந்தும் வேறெந்தக் காரையும் போலிருக்கவில்லை. மின்சார மோட்டாரோ, முன்னால் இயந்திரம் அடைக்கும் இடத்தையே விடுவித்துவிடுகிறது. கொழும்பில் கோட்ஜென் நிறுவனம் உருவாக்கிய வேகா என்ற மின்சார அதிவேகக் கார், கார்பன் இழை உடலை உள்நாட்டிலேயே செய்ய முடியும் என்று காட்டிற்று. அப்படியிருக்க, இங்கே இனிப் பற்றாக்குறையாக இருப்பது தொழில்நுட்பம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்தே வரும். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடுகின்றன. அவை முழுக்க அலங்காரம்தானே, வாகனத்தை அலங்கரிப்பதே நம் மரபல்லவா? மரபுதான். ஆனால் தேர் மனிதர் இழுக்கும் வேகத்தில் நகர்கிறது, அடிக்கடி நிற்கிறது. கீழே நிற்பவர் ஒவ்வொரு அடுக்காகக் கண்ணை ஏற்றிப் பார்க்க நேரம் இருக்கிறது. அந்த நுணுக்கம் அந்த வேகத்துக்காகச் செய்யப்பட்டது. அதையே எழுபது கிலோமீற்றர் வேகத்தில் போகும் கதவில் செதுக்கினால் கலங்கல் மட்டுமே மிஞ்சும். தேரிடமிருந்து எடுக்க வேண்டியது பார்ப்பவரின் நேரத்தைக் கணக்கிடும் பழக்கம்தான்.

மாத்தளையின் அரக்கு வேலைக்கு வருகையில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி எழுதிய நூலில் பதிந்த கைத்தொழில்களில் இதுவும் ஒன்று. ஹப்புவித கிராமத்தோடு சேர்த்தே இது பேசப்படுகிறது. கடைசல் கட்டையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு இளகிப் படிகிறது. மற்றொரு முறையில் இளகிய அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் அறுத்துப் பதிக்கிறார்கள். இரண்டிலும் தூரிகை இல்லை. நிறத்தை முன்பே அரக்கோடு பிசைந்துவிடுகிறார்கள். இதைக் காரின் மேல் அப்படியே பூசலாம் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் நிறுத்திய காரின் சூட்டில் அரக்கு இளகிவிடும். கைப்பிடிக்கும் குமிழுக்கும் மேல் அதற்கு அங்கே வேலையில்லை. ஆனால் நிறத்தைப் பொருளுக்குள்ளேயே வைக்கும் அந்த எண்ணம் கார் வரலாற்றுக்கு அந்நியமல்ல: 1968இல் வந்த சிட்ரோயன் மெஹாரியின் பிளாஸ்டிக் உடலுக்குப் பெயின்ற் கிடையாது, வார்க்கும்போதே நிறம் கலந்துவிட்டார்கள். கீறல் விழுந்தாலும் உள்ளே அதே நிறம்தான். ஹப்புவிதவின் கைவினைஞரும் மெஹாரியின் பொறியியலாளரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். மாத்தளையை மனதில் வைத்துக் கார் வரைபவர், சிகிரியாவுக்குப் போகுமுன் அந்தக் கடைசல் கட்டையின் முன் உட்காரலாம்.