ஒரே ஒரு சுற்று

கார் பந்தயம் என்றாலே வேகம்தான் என்பவர்களுக்கு நான் காட்டுவது 1992 நாஸ்கார் பருவத்தின் கடைசிப் போட்டியை. நவம்பர் 15, அட்லாண்டா. ரிச்சர்ட் பெட்டிக்கு அது கடைசிப் பந்தயம், ஜெஃப் கார்டனுக்கு முதல் பந்தயம். என் கண் ஆலன் குல்விக்கி மேல்தான். இயந்திரப் பொறியியல் படித்தவர். அணியின் முதலாளியும் அவரே, ஓட்டுநரும் அவரே.

அன்றைய விதிப்படி, அதிகச் சுற்றுகள் முன்னிலையில் ஓடுபவருக்கு 5 புள்ளி கூடுதல். பெட்ரோல் போட எப்போது உள்ளே வருவது என்பதைக்கூட அதை வைத்தே குல்விக்கியின் ஆட்கள் முடிவு செய்தார்கள். முன்னிலையில் ஓடியது குல்விக்கி 103 சுற்று, பட்டத்துக்கு அவரோடு மோதிய பில் எலியட் 102. பந்தயத்தை வென்றதென்னவோ எலியட்தான், குல்விக்கி இரண்டாமிடம். ஆனால் பருவப் பட்டம் 10 புள்ளி வித்தியாசத்தில் குல்விக்கிக்கு! அந்த ஒரு சுற்று கைமாறியிருந்தால் இருவரும் சமம். அந்தப் பருவத்தில் குல்விக்கியைவிட அதிகப் பந்தயங்களை வென்ற எலியட்டுக்கே பட்டம் போயிருக்கும்.

பட்டம் வென்றதும் குல்விக்கி தடத்தை எதிர்த்திசையில் சுற்றி வந்தார். அப்போதுதான் ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் ரசிகர்களை நோக்கி இருக்கும். அடுத்த ஏப்ரலில் விமான விபத்தில் இறந்தார், வயது 38. அணி உரிமையாளரே ஓட்டிப் பட்டம் வெல்வதை மறுபடி பார்க்க 2011 வரை, டோனி ஸ்டூவர்ட் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.