நடையழகு

ஒவ்வொரு கோயிலுக்கும் ஓர் அழகு சொல்வார்கள், ஸ்ரீரங்கத்துக்கு நடையழகு. உற்சவரான நம்பெருமாள் கர்ப்பக்கிருகத்தை விட்டு வெளியே வரும்போது குகையிலிருந்து கிளம்பும் சிங்கத்தின் நடை. திரும்பி உள்ளே போகும்போது புற்றுக்குள் நுழையும் பாம்பின் நடை. பெருமாளைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகளின் கால் எப்படிப் பதிகிறது, தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனித்துச் சொல்லக்கூடிய ரசிகர்கள் இன்றும் அந்த ஊரில் உண்டு. பெருமாள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறார், அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதற்காக விடியுமுன்பே வந்து இடம் பிடிக்கிறார்கள்.

இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் படங்களை ரசிக்க வேண்டியதும் இந்தக் கண்ணால்தான் என்பது என் எண்ணம். அவருடைய ‘கொட்டுக்காளி’ 2024 ஆகஸ்ட் 23 அன்று திரைக்கு வந்தது. தயாரித்தவர் திருச்சியில் வளர்ந்த சிவகார்த்திகேயன். பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம். இங்கே பார்த்தவர்களோ இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு தரப்பு தலையில் வைத்துக் கொண்டாடியது. இன்னொரு தரப்பு, “ஆட்டோ போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்குது” என்று சலித்துக்கொண்டது. சலித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ‘விடுதலை’யும் ‘கருடனும்’ பார்த்துவிட்டு சூரிக்காக டிக்கெட் எடுத்தவர்கள் அவர்கள். எங்கே சிரிக்க வேண்டும், எங்கே கலங்க வேண்டும் என்று பின்னணி இசை எடுத்துச் சொல்லியே நம் காது பழகிவிட்டது. இந்தப் படத்திலோ பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் படபடப்பு, சேவலின் சிறகடிப்பு, காற்று. மற்றதெல்லாம் நம் பொறுப்பு.

பொறுப்பை ஏற்றுக்கொண்டவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்கு ஏதோ பிடித்திருக்கிறது என்று சொல்லி, சாமியாரிடம் அழைத்துப் போகிறது குடும்பம். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிற, சூரி நடித்த பாண்டிக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு, வராத குரலில் அதட்டுகிறான். அன்னா பென் நடித்த மீனாவோ கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. பேசத் துடிக்கிறவனுக்குக் குரல் இல்லை; குரல் உள்ளவள் பேச மறுக்கிறாள். இதை எந்த வசனமும் சுட்டிக்காட்டவில்லை. கழுத்தில் வெளுத்துக் காய்ந்த அந்தச் சுண்ணாம்பைப் பார்த்தவர்களுக்கு மட்டும் தெரியும்.

வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. வீராப்பு பேசிய ஆண்கள் ஒதுங்கி நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போய்விடுகிறாள். இன்னோரிடத்தில் ஆட்டோவைத் திருப்ப வேண்டும். மீனா உள்ளே உட்கார்ந்திருக்க, ஆண்கள் வண்டியை அப்படியே தூக்கித் திருப்பி வைக்கிறார்கள். அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவள் வாழ்க்கையை இத்தனை பேர் எப்படிக் கையாளுகிறார்கள் என்பது முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது. சலித்தவர் கண்ணில் அது ஆட்டோ திரும்பிய காட்சி. அதுவும் பொய்யில்லை, ஆட்டோ திரும்பத்தான் செய்கிறது.

இதற்கு முந்தைய ‘கூழாங்கல்’ இன்னும் சிக்கனம். 2021-ல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். நீளம் 75 நிமிடம். குடிகார அப்பாவும் பள்ளிக்கூடத்துப் பையனும் வெயிலில் ஊருக்கு நடந்து திரும்புகிறார்கள். அப்பாவின் நடையில் கோபம், பையனின் நடையில் ஓர் எச்சரிக்கையான இடைவெளி. கையில் கிடைத்த கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பாவின் முதுகில் அடிக்கிறான் பையன். அடித்தால் திருப்பி அடிக்க முடியாத வயதில் அவனுக்கு வாய்த்த ஒரே ஆயுதம் வெயில். தாகத்துக்கு வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து வைக்கிற இடத்தில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது. அந்தக் குவியலைப் பார்த்த கணத்தில் எனக்கு மூச்சு நின்றது. எத்தனை நடை, எத்தனை வெயில்! முந்தைய காட்சிகளில் பொறுமையாக அவன் கூடவே நடந்து வராதவருக்கு அது வெறும் கல்.

கடைசியில் ஊற்றுக் குழியில் பெண்கள் தண்ணீர் சேந்துகிறார்கள். ஊற ஊறத்தான் அள்ள முடியும் என்பதால் ஒவ்வொருவராகக் காத்திருக்கிறார்கள். கேமராவும் காத்திருக்கிறது. குடம் நிறைய எவ்வளவு நேரமாகும் என்பதை வெட்டிச் சுருக்கியிருந்தால், தண்ணீர்ப் பஞ்சம் என்பது ஒரு செய்தியாக நின்றிருக்கும்.

ஸ்ரீரங்கத்தை உள்ளடக்கிய திருச்சியின் மக்களுக்கு, அசைவையே ரசிக்கும் இந்தப் பார்வை புதிதல்ல. தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கிப் படம் காட்டக் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான். அன்று கூட்டம் கூடியது படம் அசைகிறது என்பதற்காகவே.

‘கொட்டுக்காளி’ மாதிரிப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்று திரையுலகத்திலேயே பேச்சு எழுந்தது. என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இருட்டும் பெரிய திரையும் அதிகம் தேவைப்படுவது இப்படிப்பட்ட படங்களுக்குத்தான். ‘கூழாங்கல்’ 2023-ல் நேராக ஓடிடிக்கு வந்துவிட்டது. வீட்டில் பார்ப்பதானால் போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள்; வேகத்தைக் கூட்டி ஓட்டாதீர்கள். பார்த்து முடித்தபிறகும் சலிப்பாக இருந்தால், தாராளமாகச் சொல்லுங்கள்.