நால்வர் கதை முடிந்த விதம்

கதையைத் தொடங்குதல் எளிது, முடித்தலே அரிது. ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நடக்கும் கதைக்கோ இவ்வருமை பன்மடங்காகும். எந்தக் கேள்வியை எழுப்பி மக்களை ஈர்த்ததோ, அந்தக் கேள்விக்கு அது இறுதியில் விடை கூறியாக வேண்டும். விடை பொய்யாயின், முன்னர் வந்த நல்ல காட்சிகளும் ஒளி குன்றும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் புகழ்பெற்ற 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' என்னும் நகைச்சுவைத் தொடரின் ஆறாம் பருவம் இத்தகைய சோதனைக்கு உட்பட்டது. அது தேறியதா, தோற்றதா என்னும் வழக்கு இன்றும் ஓயவில்லை.

கதையும் கேள்வியும்

கேண்டஸ் புஷ்னெல் அம்மையார் நியூயார்க் இதழொன்றில் எழுதிவந்த பத்திகள் நூலாயின. அந்நூலைத் தழுவி டேரன் ஸ்டார் இத்தொடரை உருவாக்கினார். எச்.பி.ஓ. நிறுவனம் 1998 ஜூன் 6 முதல் 2004 பிப்ரவரி 22 வரை 94 பகுதிகளை ஒளிபரப்பியது. இறுதிப் பருவத்திற்குரியவை 20 பகுதிகள். அவற்றுள் 12 பகுதிகள் 2003-இலும், எஞ்சிய 8 பகுதிகள் 2004-இன் தொடக்கத்திலும் வெளிவந்தன. அக்காலத்தில் தொடரை நடத்திச் சென்றவர் மைக்கேல் பேட்ரிக் கிங். பாலுறவை மறைவின்றிப் பேசிய இத்தொடர் சிங்கப்பூரில் தடைக்குட்பட்டிருந்தது; அத்தடை 2004-இல்தான் நீங்கியது.

மன்ஹாட்டனில் வாழும் நான்கு தோழியரின் கதை இது. கேரி நாளிதழில் பத்தி எழுதுபவள், மிராண்டா வழக்கறிஞர், சார்லட் கலைக்கூடத்தில் பணியாற்றியவள், சமந்தா மக்கள் தொடர்புத் தொழில் நடத்துபவள். முப்பது வயதைக் கடந்த இவர்கள் ஆடவரைச் சந்திப்பர், பழகுவர், பிரிவர். பின்னர் உணவகத்து மேசையைச் சுற்றி அமர்ந்து நடந்ததையெல்லாம் உரைத்து நகைப்பர். தமிழ் அகப்பாடல்களில் தலைவிக்குத் தோழி ஒருத்தி உண்டு. இங்கோ நால்வரும் மாறி மாறித் தலைவியாகவும் தோழியாகவும் நிற்கின்றனர். ஆடவன் துணையின்றியும் ஒரு பெண்ணின் வாழ்வு நிறைவுடையதாகுமா? நட்பே அவளுக்குக் குடும்பமாகுமா? இதுவே தொடர் எழுப்பிய கேள்வி.

குற்றச்சாட்டு

இறுதிப் பகுதியிலோ நால்வருக்கும் துணைவர் வாய்த்துவிடுகின்றனர். ஆறு ஆண்டுகள் தனிவாழ்வின் பெருமையைப் பேசிவிட்டு, கடைசியில் பழைய கதைகளைப் போலவே மாலையிட்டு முடித்தால் அது முறையாகுமா? இக்குறையைக் கூறியவர் அயலார் மட்டுமல்லர். தொடரைத் தோற்றுவித்த டேரன் ஸ்டாரே, அது தன் அடிப்படைக் கருத்துக்கு இறுதியில் துரோகம் செய்துவிட்டது என்னும் பொருள்பட 2016-இல் பேசினார்.

குற்றச்சாட்டு வலிமையானதே; ஆயினும் நால்வருக்கும் ஒருங்கே பொருந்துவதன்று. மூவரைப் பொறுத்தவரை, ஆறாம் பருவம் கேள்வியைக் கைவிடவில்லை, அதனை ஆழப்படுத்துகிறது. 'எவன் கிடைப்பான்?' என்று கேட்ட கதை, இப்போது 'துன்பம் வந்தால் யார் யாரைத் தாங்குவர்?' என்று கேட்கிறது.

மூவர் பெற்ற முதிர்ச்சி

சார்லட் அரசிளங்குமரனுக்காகக் காத்திருந்தவள். அழகும் செல்வமும் மிக்க மருத்துவனை மணந்தாள், அம்மணம் முறிந்தது. அம்முறிவு வழக்கை நடத்தித் தந்த ஹாரி, வழுக்கைத் தலையன். நாகரிக நடை அறியாதவன். அவனுக்காக யூத சமயத்தைத் தழுவி அவனை மணக்கிறாள். கரு உண்டாகிக் கலைகிறது. தத்தெடுக்க முயன்றபோது ஒரு வாய்ப்புக் கைநழுவிப் போகிறது. பின்னரே சீனத்திலிருந்து ஒரு பெண்குழந்தையின் படம் வந்து சேர்கிறது. அவள் கனவு கண்டபடி எதுவும் நடக்கவில்லை. ஆயினும் அவள் மகிழ்கிறாள்.

எவருக்கும் கட்டுப்படாத சமந்தாவை மார்பகப் புற்றுநோய் தாக்குகிறது. மருந்தால் அவள் முடி உதிரவே, இளங்காதலன் ஸ்மித் தன் தலையையும் மழித்துக்கொள்கிறான். நோய்நிதி விழாவில் பேச எழுந்தவள், வெப்பம் தாளாமல் செயற்கை முடியைக் கழற்றி விடுகிறாள். அவையிலிருந்த பெண்களும் ஒருவர்பின் ஒருவராக எழுந்து தத்தம் செயற்கை முடியைக் களைகின்றனர். நகைச்சுவை குன்றாமலே நெஞ்சைத் தொடும் காட்சி அது.

எனினும் பருவத்தின் சிகரம் மிராண்டாவின் கதையே. எள்ளலும் தன்மானமும் மிக்கவள் அவள். மதுக்கடை நடத்தும் ஸ்டீவை மணக்கிறாள். மணம் பேசியவளும் அவளே. விரும்பாத புரூக்ளினுக்குக் குடிபெயர்கிறாள். நினைவு தடுமாறும் மாமியார் ஒருநாள் வழிதவறிப் போகிறாள். அவளைத் தேடிப் பிடித்து வீட்டிற்கு அழைத்து வந்து, தொட்டியில் அமர்த்திக் குளிப்பாட்டுகிறாள் மிராண்டா. முன்பெல்லாம் அவளைக் குறைகூறிவந்த பணிப்பெண் மாக்டா இதனைக் காண்கிறாள். இதுவே அன்பு என்று கூறி அவள் நெற்றியில் முத்தமிடுகிறாள். காதலைப் பற்றி 94 பகுதிகள் பேசிய தொடரில் அன்புக்கு மிகத் தெளிவான விளக்கம் கிடைப்பது இங்கேதான். அக்காட்சியில் ஆடவர் எவரும் இல்லை. சிந்தியா நிக்சன் 2004-இல் துணை நடிகைக்கான எம்மி விருது பெற்றது தகுதியறிந்து வழங்கிய சிறப்பாகும்.

காலணியும் கணக்கும்

எஞ்சியவள் கேரி, குற்றச்சாட்டு கூர்மை பெறுவது அவளிடத்தேதான். இதே பருவத்தில் அவளுக்கென அமைந்த பகுதியொன்று மிகச் சிறந்தது. குழந்தை பெற்ற தோழி ஒருத்தியின் இல்ல விருந்தில், வாயிலில் கழற்றி வைத்த கேரியின் காலணி களவு போகிறது. அதன் விலை 485 டாலர். தோழி முழு விலையைத் தர மறுப்பதோடு, இத்தகைய வீண்செலவு தகாதென்றும் குத்திக் காட்டுகிறாள். கேரி கணக்கிட்டுப் பார்க்கிறாள். அத்தோழியின் மணத்திற்கும் மகப்பேற்றிற்கும் தான் செலவிட்ட தொகை 2,300 டாலர்! மணமும் மகவும் இல்லாதவளின் வாழ்வில் பிறர் கொண்டாடத்தக்க நாளே இல்லையா? தன்னைத் தானே மணந்துகொள்வதாக அறிவித்து, அக்காலணி ஒன்றையே பரிசுப் பட்டியலில் இடுகிறாள் கேரி. நகைப்புக்குள் நீதி ஒளிந்திருக்கிறது.

பாரிசில் நிகழ்ந்தது

இவ்வாறு வழக்காடியவளை இறுதிப் பகுதிகள் எங்கே கொண்டு நிறுத்துகின்றன? மிகைல் பரிஷ்னிகாவ் நடித்த ரஷ்யக் கலைஞன் பெட்ரோவ்ஸ்கியை நம்பித் தன் பத்தியைக் கைவிட்டுப் பாரிசுக்குச் செல்கிறாள். அவனோ தன் கண்காட்சியில் மூழ்கி அவளை மறக்கிறான். அவளுடைய நூலைப் படித்த பாரிசு வாசகர்கள் அவளுக்கு விருந்து வைக்கின்றனர். கலைஞன் கெஞ்சியதால் அவள் விருந்தை விட்டு அவனுடன் செல்கிறாள். கண்காட்சியில் தனித்து நிற்கையில், காணாமற்போன தன் பெயர்ச் சங்கிலி கைப்பையின் உட்துணியில் கிடைக்கிறது. விருந்துக்கு ஓடுகிறாள், வாசகர்கள் கலைந்துவிட்டனர். அவளும் கலைஞனைப் பிரிகிறாள்.

பெயரை மீட்டதும், பிரிவைத் துணிந்ததும் அவளே. கதை இவ்வளவில் நின்றிருப்பின் குற்றச்சாட்டுக்கு இடமேயில்லை. ஆனால் அவ்வேளையில் 'பிக்' வந்து நிற்கிறான். ஆறு பருவமும் அவளை அலைக்கழித்தவன் அவன்; தோழியர் மூவரும் சொல்லி அனுப்ப, அவளை மீட்க வந்தவன். தன்னோடு தான் கொள்ளும் உறவே தலையாயது என்று இறுதியில் கேரியின் குரல் உரைக்கிறது. திரையோ அவனுடைய தொலைபேசி அழைப்பையும், அதுவரை மறைத்து வைத்த 'ஜான்' என்னும் பெயரையும் காட்டுகிறது. சொல் ஒன்று, காட்சி வேறு. இழந்த பத்தியைப் பற்றியும், காத்திருந்து கலைந்த வாசகரைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை.

தீர்ப்பு

ஆகவே பிழை, துணைவர் வாய்த்ததில் அன்று. மிராண்டாவும் சார்லட்டும் சமந்தாவும் துணை பெற்றும் தம் இயல்பை இழக்கவில்லை, மாறி வளர்ந்தனர். கேரியோ, தானே எழுந்து நின்ற நொடியில் தூக்கி நிறுத்தப்படுகிறாள். பிழை அங்கேதான் உள்ளது.

விடை கூறாத கேள்வி சும்மா இருப்பதில்லை. 2021-இல் இக்கதை வேறு பெயரில் மீண்டும் தொடங்கியபோது, முதற்பகுதியிலேயே பிக் இறந்துபடுகிறான். 2025-இல் அத்தொடர் முடிந்தபோது கேரி தன் வீட்டில் தனியாக நிற்கிறாள். பாரிசில் அவளுக்கு மறுக்கப்பட்ட முடிவைத் தருவதற்கு 21 ஆண்டுகள் தேவைப்பட்டன.