குவாய் ஆற்றுப் பாலமும் குண்டு விழுந்த யார்டும்

போர் தொடுக்குமுன் பகை நாட்டு மக்களுக்கு முன்னறிவிப்புத் தரும் அரசனைப் புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில் காணலாம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டு அது. பசுக்களும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியாளரும் பிள்ளைப்பேறு இல்லாதோரும் பாதுகாப்பான இடத்தைத் தேடிக்கொள்க, எம் அம்புகள் வரப்போகின்றன என்று முன்கூட்டியே சொல்லிவிடும் அறத்தைப் புலவர் போற்றுகிறார். இப்பாட்டை வகுப்பில் நடத்தாத தமிழாசிரியர் அரியர். வானத்திலிருந்து குண்டு விழும் போரில் இவ்வறிவிப்பை யார் செய்வது என்று மாணவன் ஒருவன் கேட்டுவிட்டால், அவ்வினாவுக்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மலேசியத் தமிழரின் வரலாற்றிலேயே அதற்குரிய களம் இருக்கிறது.

பர்மாவில் தன்பியூசயாட் என்னும் ஊர் உண்டு. சயாம் – பர்மா இருப்புப்பாதையின் பர்மா முனை அது. நோயுற்ற போர்க்கைதிகளுக்கான மருத்துவமனை முகாம் ஒன்று 1943-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கு அமைக்கப்பட்டது. முகாமுக்கு அருகிலேயே புகைவண்டிப் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டும் பணிமனைகளும் இருந்தன. அதே ஆண்டு மார்ச்சிலும் ஜூனிலும் நேசநாட்டு விமானங்கள் அந்த யார்டைத் தாக்கின. விமானிக்கு அது எதிரியின் போக்குவரத்து முனை. தரையில் கிடந்தவனுக்கோ படுக்கையைச் சுற்றியுள்ள நான்கு அடி நிலம். கைதிகளுள் பலர் மாண்டனர். அதன்பின் முகாம் கலைக்கப்பட்டு, நோயாளிகளும் காட்டுவழியே வேறு முகாம்களுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். நெட்டிமையார் பட்டியலிட்ட பிணியாளருக்கு அன்று அரண் ஏதுமில்லை.

சயாமிலும் இதுவே நேர்ந்தது. 1944 செப்டம்பரில் நொங் பிளாடுக் யார்டின் மீது வீசப்பட்ட குண்டுகள் அருகிலிருந்த கைதிகள் முகாமிலும் விழுந்து, தொண்ணூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றன. அவ்வாண்டு நவம்பரில் தாமர்கான் பாலத்தை நோக்கி வந்த குண்டுகளுள் சில குறி தவறிக் கைதிகளின் குடில்களைத் தாக்கின. பாலம் என்பது வானிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு கோடு. அதன்மீது குண்டைப் பொருத்துவது அரிது. யார்டோ அகன்ற நிலம். எஞ்சின், பெட்டி, நீர்த்தொட்டி, விறகு, அரிசி மூட்டை எல்லாம் ஓரிடத்தில் குவிந்து கிடக்கும். குண்டுவீச்சுப் படைப்பிரிவுகள் யார்டுகளை விரும்பித் தேர்ந்ததற்குக் காரணம் இதுவே. உழைப்பாளரின் குடிசைகள் யார்டை ஒட்டியே இருந்ததற்குக் காரணம் இன்னும் எளிது: வேலை அங்கேதான் இருந்தது.

இச்செய்திகளில் கைதிகளின் சாவு மட்டும் எண்ணிக்கையோடு கிடைப்பதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள் நாட்குறிப்பு எழுதினர். மறைவாகப் படம் வரைந்தனர். இறந்த தோழனின் பெயரைக் குறித்து வைத்தனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேரும், தன்பியூசயாட் கல்லறையில் 3,000-க்கும் மேற்பட்டோரும் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அதே பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளர் அக்கைதிகளைப் போல் மும்மடங்கு இருந்தனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல் என மதிப்பிடுவர். அவர்களுள் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர். குண்டு விழுந்த இரவில் அவர்களுள் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது.

வரலாறு விட்ட இடத்தை இலக்கியம் நிரப்பும் என்பர். இவ்விருப்புப்பாதையைப் பொறுத்தவரை உலகம் அறிந்த இலக்கியம் எது? பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-இல் வெளியிட்ட நாவலும், அதைத் தழுவி டேவிட் லீன் 1957-இல் இயக்கிய 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் திரைப்படமுமே. அப்படம் ஏழு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அதன் புகழ் எவ்வளவு என்றால், உண்மைப் பாலம் நின்ற மெக்லோங் ஆற்றின் அப்பகுதிக்கே 1960-களில் குவாய் யாய் என்று பெயர் மாற்றினர். படத்தைப் பார்த்துவிட்டு வந்த பயணிகள் குவாய் ஆறு எங்கே என்று கேட்கத் தொடங்கியிருந்தனர். கதைக்கேற்ப ஊர் திருத்தப்பட்டது.

படத்தின் கலைச்சிறப்பைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. அலெக் கின்னஸ் ஏற்ற கர்னல் நிக்கல்சன் பாத்திரம் நுட்பமானது. கடமையுணர்வு எப்படி மெல்ல மெல்லப் பகைவனுக்கான தொண்டாக மாறுகிறது என்பதைக் காட்டிய விதத்தில் நாவலும் படமும் சிறந்து நிற்கின்றன. நாவலின் முடிவில் பாலம் அழியாமல் நிற்கிறது. படத்தின் முடிவில் அது வெடித்துச் சிதறுகிறது. இரண்டிலும் பாலத்தைத் தகர்க்க வருவோர் காட்டுவழியே வரும் சிறு நாசவேலைக் குழுவினர்தாம். உண்மையில் தாமர்கான் பாலம் சாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகளால் ஆனது. அதை உடைத்தவை 1945-இல் வந்த விமானங்கள். வீரர் சிலர் கையால் வெடி வைப்பதாகக் காட்டினால் குற்றவாளி யார், தியாகி யார் என்பது முகம் தெரிய முடிந்துவிடும். பத்தாயிரம் அடி உயரத்திலிருந்து குண்டு விழுந்தால் முகம் இராது. கீழே எவரெவர் இருந்தனர் என்ற கேள்வி மட்டும் மிஞ்சும். அக்கேள்வியை எழுப்பக் கதையில் இடமே வைக்கப்படவில்லை.

பியர் பூல் மலாயாவை அறியாதவராய் இருந்திருந்தால் இதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அவர் 1936 முதல் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். தோட்ட வாழ்க்கையை வைத்தே 1951-இல் வேறொரு நாவலும் எழுதியவர். விடியற்காலைப் பிரட்டும் கங்காணியின் குரலும் பால்வாளியும் லயத்து வரிசையும் அவர் கண்முன் நடந்தவை. அப்படிப்பட்டவர் சயாம் இருப்புப்பாதையைக் கதையாக்கும்போது, அப்பாதையில் மிகுதியாக உழைத்த மலாயாத் தோட்டத் தமிழன் எவனும் அதில் பாத்திரமாக உருப்பெறவில்லை. அறியாமையை மன்னிக்கலாம், அறிந்தவர் காணாமல் விடுவதைத் திறனாய்வு கேட்டே தீர வேண்டும். திரைப்படத்திலோ இவ்விடுபாடு இன்னும் விந்தையானது. அது படமாக்கப்பட்டது இலங்கையில், கித்துள்கல என்ற ஊரில், களனி ஆற்றங்கரையில். அவ்வூரைத் தாண்டி மலையேறினால் தமிழர் உழைக்கும் தேயிலைத் தோட்டங்கள் வந்துவிடும்.

இங்கு ஒரு சிறு செய்தி. படத்தின் திரைக்கதையை உண்மையில் எழுதியவர்கள் கார்ல் போர்மன், மைக்கேல் வில்சன் என்னும் இருவர். அமெரிக்காவில் அக்காலத்தில் நிலவிய அரசியல் தடையால் அவர்களின் பெயர் மறைக்கப்பட்டு, ஆங்கிலத்தில் எழுதாத பூலுக்கே பரிசு தரப்பட்டது. இருவரும் இறந்தபின், 1984-இல் அத்தவறு திருத்தப்பட்டு உரியவர்களுக்குப் பரிசு அறிவிக்கப்பட்டது. எழுதியவர்களின் பெயர் இருபத்தேழு ஆண்டுகளில் மீண்டது.

இனித் தமிழ்ப் பக்கம் நோக்குவோம். தமிழில் போர்க்கால நாவல் என்றதும் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நினைவுக்கு வருவது இயல்பு. மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழையும் காட்சியோடு தொடங்கும் அந்நாவலின் மொழிவீச்சு இணையற்றது. ஆயினும் அதன் பார்வை கடைத்தெருவில் நிற்பவனின் பார்வை. பெட்டியடியும் கணக்கேடும் அறிந்த வணிகச் சமூகத்தின் பார்வை. பால்மரக் காட்டிலிருந்து சரக்குப் பெட்டியில் ஏற்றப்பட்டவனின் கதை அங்கில்லை. அதை அந்நாவலிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. அக்கதையை மலேசிய எழுத்தாளர்களே எழுத வேண்டியிருந்தது, எழுதினார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993-இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005-இலும் வெளிவந்தன. தோட்டத் தமிழனை நடுவில் நிறுத்தி இப்பாதையைக் கண்ட பெருமை இவற்றுக்கு உண்டு. போர் முடிந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழித்தே முதல் நூல் வந்தது என்பது நாவலாசிரியரின் குறையன்று. வாய்மொழியாகச் சொன்னவர்கள் இருந்தனர்; கேட்டு எழுதும் வசதி பெற்ற தலைமுறை உருவாகக் காலம் பிடித்தது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பள்ளி ஆண்டுமலர்களிலும் சிறுகதைப் போட்டிகளிலும் மரண ரயில் பற்றி எழுதும் இளையோர், இந்நாவல்களைவிடத் திரைப்படத்திடமே கடன் வாங்குகின்றனர். அவர்களின் கதைகளில் ஓயாமல் ஒரு பாலம் வருகிறது. கொடிய அதிகாரி ஒருவன் சவுக்கோடு வருகிறான். இறுதியில் பாலம் வெடிக்கிறது. பேதியும் பட்டினியும் மலேரியாவும் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. நேசநாட்டு விமானம் வந்தால் அது விடுதலையின் அறிகுறியாக மட்டுமே வருகிறது. இது வரலாற்றுக்கு மாறானது என்பதோடு, கதைக்கே இழப்பு. ஏனெனில் இக்களத்தின் மிகக் கடினமான உண்மை அவ்விமானத்தில்தான் இருக்கிறது.

பேராக் தோட்டத்து உழைப்பாளன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். மலாயாப் போரில் ஜப்பானியர் '99' வகை இரட்டை எந்திர இலகு குண்டுவீச்சு விமானங்களை ஈடுபடுத்தினர். 1941 டிசம்பரில் ஈப்போவும் வான்தாக்குதலைக் கண்டது. அன்று அவன் தலைமேல் வந்த விமானம் பகைவனுடையது, துரைமார் ஓடிப்போனார்கள், அச்சம் எளிமையாக இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அவன் ஈப்போ வழியே வடக்கே கொண்டு செல்லப்பட்டு, பாடாங் பெசாரைக் கடந்து பான்போங்கில் இறக்கப்படுகிறான். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அவனைப் போலவே சயாமுக்குப் போயின. தோட்டப் பேச்சில் கம்பிச் சடக்கு எனப்பட்ட அந்தப் பாதையை அவன் சுமக்கிறான். 1943 அக்டோபரில் 415 கிலோமீட்டர் பாதை இணைக்கப்பட்ட பின்னும் அவனுக்கு விடுதலையில்லை. விறகு வெட்டவும் பாதையைப் பராமரிக்கவும் நிறுத்தி வைக்கப்படுகிறான். அப்போதுதான் விமானங்கள் மிகுதியாக வரத் தொடங்குகின்றன. இம்முறை அவை அவன் வெற்றி பெற வேண்டுமென்று வேண்டிக்கொண்ட பக்கத்தின் விமானங்கள். இரவில் யார்டில் குண்டு விழுகிறது. விடிந்ததும் அக்குழியை மூடி, வளைந்த தண்டவாளத்தை அகற்றிப் புதியதை இடும் வேலைக்கு அவனே விரட்டப்படுகிறான். அவன் விரைந்து செப்பனிட்டால் போர் நீளும். செப்பனிட மறுத்தால் அடி விழும். செப்பனிட்டு முடித்தால் மீண்டும் விமானம் வரும்.

இம்மூன்றுக்கும் நடுவே நிற்பவனின் மனத்தை எழுதுவது நிக்கல்சனின் மனத்தை எழுதுவதைவிட அரிய வேலை. நிக்கல்சனுக்குப் பாலத்தின் மீது பெருமை உண்டு. இவனுக்குப் பெருமையும் இல்லை, பாதையைத் தன்னுடையது என்று சொல்லும் உரிமையும் இல்லை. சவுக்கோடு வரும் அதிகாரியைப் பாத்திரமாக்குவது எளிது. வேண்டிக்கொண்ட விமானமே கொல்ல வருவதைப் பாத்திரத்தின் உள்ளத்தில் வைத்து நிறுத்துவதற்குப் பயிற்சி வேண்டும்.

தோட்டத்தை விட்டுப் போகாதவரும் இதிலிருந்து தப்பவில்லை என்பதற்குக் கோலாலம்பூரே சான்று. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், இந்தியாவின் கரக்பூர்ப் பகுதித் தளங்களிலிருந்து புறப்பட்ட அமெரிக்க பி-29 விமானங்கள், அந்நகரின் புகைவண்டிப் பணிமனையையும் யார்டையும் தாக்கின. செந்தூலும் பிரிக்பீல்ட்சும் புகைவண்டித் தொழிலாளர் குடியிருந்த பகுதிகள். தமிழகத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் அங்கு நிறைந்திருந்தனர். மார்ச் 10-ஆம் நாள் தாக்குதலில் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியும் அழிந்தது. எஞ்சிய பொருள்கள் பேராக்கின் தைப்பிங் அருங்காட்சியகத்திற்குக் கொண்டு செல்லப்பட்டன. அருங்காட்சியகம் அழிந்தது நூல்களில் நாளோடு பதிவாகியுள்ளது. செந்தூல் வரிசை வீடுகளில் அன்று நிகழ்ந்ததைத் தமிழ்ச் சிறுகதை இன்னும் போதிய அளவு எழுதவில்லை.

வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டிப் பெயரும் பீடும் எழுதுவது தமிழர் மரபு. தொல்காப்பியப் புறத்திணையியல் அதன் படிநிலைகளை வகுத்துச் சொல்கிறது. ரெங்கசாமி தம் நாவலுக்கு 'நினைவுச் சின்னம்' என்று பெயரிட்டதை இம்மரபோடு வைத்துப் படிக்கலாம். காட்டில் கல் இல்லாததால் நூலே கல்லாக நிற்கிறது. ஆனால் தாமர்கான் பாலத்தருகே தமிழெழுத்துப் பொறித்த கல்லே இல்லை என்றும் சொல்ல முடியாது. பாதையில் இறந்தவர்களுக்காக 1944-இல் எழுப்பப்பட்ட சின்னம் ஒன்று அங்கு நிற்கிறது. அதன் பலகைகளில் வேறு பல மொழிகளோடு தமிழும் இருக்கிறது. இறந்தவர் பெயர் எதுவும் அதில் இல்லை. அதை எழுப்பியவர்கள் பாதையைப் போட வைத்த ஜப்பானியப் படையினரே.