வைகாசியில் நடும் கன்று

2001-02-இல் பள்ளிகளுக்குத் தேசிய பசுமைப் படை வந்தது. மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து உள்ளூர்ப் பிரச்சினையில் இறங்கணும், ஆசிரியர் வழிகாட்டணும். நல்ல ஏற்பாடுதான். ஆனா கோவில்பட்டிப் பக்கமும் கன்று நடுவதென்னவோ ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தில்! மேற்குமலைக்கு இந்தப்பக்கம் மழைமறைவுப் பூமி. ஆனி, ஆடியில் காத்துதான் வரும், மழை வராது. கரிசல் பாளம் பாளமா வெடிச்சு, கன்றோட வேரையே அறுத்துடும். புரட்டாசியில் விதைக்கிற ஊருக்கு வைகாசியில் என்ன நடவு? போட்டோவுக்கு மட்டும்தான் அது உதவும்.

நட்ட கன்று கார்த்திகையில் இருக்கானு அறிக்கையில் கேட்பதுமில்லை. எப்ப நடணும்னு பிள்ளைகளே வீட்டுத் தாத்தாவிடம் கேட்டு வரட்டும், சார். நாலு மாசம் தாமதமாகும். ஆகட்டுமே.