தழும்பை விலைக்கு வாங்கலாமா?

ஆடித் தபசுத் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த சங்கரன்கோவில் பிள்ளைகளுக்கும் எலக்ட்ரிக் கிட்டார் ஆசை உண்டு. மரம், நிறம், கழுத்தின் பருமன் எல்லாம் சொல்லி, ஆர்டர் கொடுத்துக் கிட்டார் செய்து வாங்குகிறவர் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: அதைப் புதிதாகவே கேட்பதா, பழசாக்கித் தரச் சொல்வதா? 'ரெலிக்' எனப்படும் இந்த வழக்கத்தை முழுதாகக் கொண்டாடவும் முடியாது, ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது.

இதற்கு முன்மாதிரி பழைய கிட்டார்கள். 1950களில் ஃபெண்டர், கிப்சன் நிறுவனங்களின் கிட்டார்களுக்கு நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அடித்தார்கள். காய்ந்த பிறகும் மாறிக்கொண்டே இருக்கும் பூச்சு அது. அதிலுள்ள இளக்கப்பொருள் மெல்ல வெளியேற, பூச்சு இறுகிவிடும். மரம் விரிந்து சுருங்கும்போது ஈடுகொடுக்க முடியாமல் மயிரிழை விரிசல் விடும். மேல்பூச்சு மஞ்சளிப்பதால் வெள்ளைக் கிட்டார் தந்த நிறமாகும். நீலம் பச்சை தட்டும். முன்கை உரசும் விளிம்பில் வியர்வை பட்டுப்பட்டு வெறும் மரம் தெரியும். அயர்லாந்துக் கலைஞர் ரோரி கேலகரின் 1961 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் பெரும்பகுதிப் பூச்சு போயேவிட்டது. பின்னாளில் பரவிய பாலியெஸ்டர், பாலியூரித்தேன் பூச்சுகள் இப்படி மூப்படைவதில்லை. பலமாக அடிபட்டால் சில்லாகப் பெயரும்.

1987இல் தொடங்கிய ஃபெண்டர் கஸ்டம் ஷாப், 1995இல் செயற்கையாகப் பழசாக்கிய கிட்டார்களை அறிமுகம் செய்தது. கிப்சன் இதே வேலைக்கென 2021இல் மர்பி லேப் என்ற பிரிவைத் தொடங்கியது. இதில் நன்மை உண்டு. அசல் 1950கள் கிட்டார் சாமானியருக்கு எட்டாது. அதைக் கையில் பிடிக்கும் உணர்வையாவது இது தருகிறது. பூச்சு தேய்ந்த கழுத்து, வியர்த்த உள்ளங்கையில் ஒட்டாமல் வழுக்கும். விரற்பலகையின் ஓரங்களை மழுக்கிவிட்டால் முதல் நாளே கை பழகிவிடும். கீறல் விழுமோ என்ற பயமும் இல்லை.

குறைகளோ கனமானவை. தேய்மானம் வாசிப்பவரின் உடம்பைப் பார்த்து வருவதில்லை. பழைய கிட்டார்களின் சாயலைப் பார்த்து வருகிறது. உங்கள் கை படாத இடத்தில் யாரோ ஒருவரின் தழும்பு இருக்கும். அதற்குக் கூடுதல் பணமும் கொடுக்க வேண்டும். பூச்சு போன இடத்தில் வியர்வையும் ஈரமும் நேராக மரத்தில் இறங்கும். நைட்ரோ பூச்சு நம் கரிசல் வெயிலில் இளகக்கூடியது. ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் பிசுபிசுத்துத் தடம் விழும். இத்தனைக்கும், கீறல்களால் நாதம் ஒரு துளியும் கூடுவதில்லை.

ஆனால் மூப்பைத் தேடுவதே தவறல்ல. கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்பவர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் ஆச்சா மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். பல்லாண்டு உலர்ந்த அந்த மரம் எளிதில் கோணாது, வெடிக்காது. 2022இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கருவியில் மூப்பு மேனியில் இல்லை, மரத்துக்குள் இருக்கிறது. கிட்டாரிலும் இதற்கு இணை உண்டு: ஆக்சிஜன் குறைந்த சூளையில் வாட்டிய மேப்பிள் கழுத்து. ஈரம் ஏறி இறங்கினாலும் அது அவ்வளவாக வளையாது.

ஆகவே ஆர்டர் கொடுப்பவர் வாட்டிய கழுத்தைக் கேட்கட்டும். மழுக்கிய ஓரங்களையும், பளபளப்பில்லாத கழுத்துப் பின்புறத்தையும் கேட்கட்டும். இவை வாசிப்புக்கு உதவும் மூப்பு; கொடுக்கும் காசுக்குத் தகும். உடலின் பூச்சை முழுமையாகவே வாங்க வேண்டும். அதைத் தேய்க்கும் உரிமை, அன்றாடம் அந்தக் கிட்டாரை எடுத்து வாசிப்பவருக்கு மட்டுமே உண்டு.