மாத்திரையை யார் எழுதித் தந்தால் என்ன?

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் 31 அரசு கிளினிக்குகளில் நடந்த 'ஸ்ட்ரெட்ச்' ஆய்வை மறுபடி படித்தேன். 2012-ல் லான்செட் இதழில் வந்தது. எச்ஐவி மருந்தை டாக்டருக்குப் பதில் பயிற்சி பெற்ற நர்ஸே எழுதித் தரலாமா என்பதுதான் கேள்வி.

நான் பார்த்தவரை பலரும் எடுத்துக்காட்டுவது பாதியைத்தான். ஏற்கெனவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒரு வருஷம் கழித்து வைரஸ் அடங்கியிருந்தது நர்ஸ் பக்கம் 71%, டாக்டர் பக்கம் 70%. "அப்புறமென்ன, நர்ஸே போதும்" என்று முடித்துவிடுகிறார்கள்.

எனக்கு மற்ற பாதிதான் முக்கியம். இன்னும் மருந்து தொடங்காத 9,252 பேரையும் இந்த ஆய்வு பின்தொடர்ந்தது. அங்கே மொத்தத்தில் சாவு குறையவில்லை. சிடி4 எண்ணிக்கை 201-350 என்று கொஞ்சம் தெம்போடு இருந்தவர்களிடம்தான் குறைந்தது. ஆய்வு நடக்கும்போதே, 2008 நவம்பரில், மருந்துத் தட்டுப்பாட்டால் மாகாணம் புது நோயாளிகளைச் சேர்ப்பதையே சில மாதம் நிறுத்திவைத்தது. எழுதித் தர ஆள் இருந்தும் மாத்திரை இல்லைன்னா என்ன பண்றது?

சிகிச்சை முறைகளை ஒப்பிடுகிறவர்கள் கணக்கை நோய் தெரிந்த நாளிலிருந்து ஆரம்பிக்கணும். மாத்திரை கைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், காத்திருந்தே செத்தவர்கள் எந்த அட்டவணையிலும் வரமாட்டார்கள். ஸ்ட்ரெட்ச் அவர்களையும் எண்ணியது. மேற்கோள் காட்டுகிறவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள்.